முந்தானையைப் பிடித்து இழுத்த ஞாயிறு

ரோஸ்லின் எழுந்தாள். நான் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

நடந்தது இவ்வளவுதான். மூன்று விநாடிகூட இருக்காது. அதற்காக நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு மாதத்தின் முதல் ஞாயிறு. எங்கள் சர்ச்சில் திருவிருந்து கொடுக்கிற நாள். கிழக்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய சர்ச் எங்களுடையது. மின்சார ரயில் போனால் ஆயர் ஜெபத்தைப் பாதியில் நிறுத்துவார். ரயில் போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். புதிதாக வருகிறவர்கள் ஜெபம் முடிந்தது என்று கண்ணைத் திறந்துவிடுவார்கள். நாங்கள் திறக்க மாட்டோம்.

ஆண்கள் போய் வாங்கிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்தது பெண்கள். பெஞ்சு பெஞ்சாக எழுந்து, பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டு, அப்பத்தையும் சின்னக் கிண்ணத்தில் திராட்சை ரசத்தையும் வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பீரோவிலிருந்து எடுத்த வெள்ளைப் புடவைகளின் நாப்தலின் வாசனை மூக்கில் ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் பெஞ்சின் முறை வந்தது. என் பக்கத்தில் இருந்த ரோஸ்லின் எழுந்தாள்.

ரோஸ்லின் தையல்காரி. சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. எங்கள் சபைப் பெண்களில் பாதிப் பேருக்கு அவள்தான் ஜாக்கெட் தைப்பாள். அவளுடைய அண்ணன் தேவதாஸும் எங்கள் சபைதான். ஆறு மாதத்துக்கு முன்னால் அவர் மகள் கல்யாணப் பத்திரிகையில் அத்தை என்று இவள் பெயரைப் போடாமல் விட்டுவிட்டார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. இது சபை முழுக்கத் தெரிந்த விஷயம்.

மனஸ்தாபத்தை வைத்துக்கொண்டு திருவிருந்தை வாங்கினால் அது வாங்கினவருக்கே தீர்ப்பாக முடியும் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்தது. இதற்காகவே முந்தின நாள் சாயங்காலம் ஆயத்த ஆராதனை என்று ஒன்று வைப்பார்கள். யாரோடு சண்டையோ அவரிடம் போய்ப் பேசித் தீர்த்துக்கொண்டு நாளைக்கு வா என்று அனுப்புவார்கள். அந்த ஆறு மாதமும் ரோஸ்லின் பெஞ்சை விட்டு எழவில்லை. அன்றைக்கு எழுந்தாள்.

"உக்காரு ரோஸ்லின். அண்ணன்கிட்ட பேசாம போய் வாங்கினா ஆக்கினைத்தீர்ப்பு வரும்" என்றேன்.

ரகசியமாகத்தான் சொன்னேன். ஆனால் இருபத்தேழு வருஷம் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் மெஷின்களுக்கு நடுவில் வேலை பார்த்தவளுக்கு ரகசியம் பேச வராது. பாடகர் குழு அந்த நேரம் பார்த்து ஒரு சரணத்தை முடித்துவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. நான் சொன்னது கடைசி வரிசை வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ரோஸ்லின் உட்கார்ந்தாள். காது சிவந்துபோயிற்று. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போய்விட்டாள்.

ஓர் ஆத்துமாவைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, நான் புடவையைச் சரிசெய்துகொண்டு பீடத்துக்குப் போனேன்.

இரண்டு முனைக் கருவி

போன வாரம் கம்பெனி கேன்டீன் உப்புமாவைத் திட்டி எழுதியிருந்தேன். அவ்வளவு கோபம் எதற்கு என்று சிலர் கடிதம் போட்டிருக்கிறார்கள். கோபம் என் சுபாவம். உப்புமாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மறைமலை நகரில் கார்களுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனி. அங்கே எனக்கு இன்ஸ்பெக்ஷன் வேலை. கையில் துளை அளக்கும் ஒரு இரும்புக் கேஜ். அதற்கு இரண்டு முனை. பாகத்தில் இருக்கும் துளைக்குள் ஒரு முனை நுழைய வேண்டும். மறு முனை நுழையக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் பச்சைத் தொட்டி. சரியாக இல்லாவிட்டால் சிவப்புத் தொட்டி. நடுவில் மஞ்சள் தொட்டி ஒன்று உண்டு. கொஞ்சம் சரிசெய்தால் தேறிவிடும் என்கிற பாகங்களுக்கு. நான் மஞ்சளில் அதிகம் போட மாட்டேன். அதற்காக சூப்பர்வைசரோடு எனக்குத் தினம் சண்டை.

"எஸ்தரம்மா, நீங்க ஒருத்தர் செக் பண்ணா கம்பெனியையே சிவப்புல தூக்கிப் போட்ருவீங்க" என்பார் அவர்.

"உங்க பாகம் ஓட்டையா இருந்தா நான் என்ன சார் பண்றது?" என்பேன்.

இருபத்தேழு வருஷம் ஒரு வேலையைச் செய்தால் கை அதைத் தவிர வேறொன்றும் கற்றுக்கொள்ளாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர், மாடியில் குடியிருப்பவர், பிரசங்கம் பண்ணுகிற ஆயர், எல்லாரையும் கேஜ் போட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் சிவப்புதான்.

தண்ணீர் லாரி வந்த நாள்

நியாயத்தீர்ப்புப் பயம் கம்பெனியில் வந்ததல்ல. அது அதற்கு முன்பே இருந்தது.

சின்ன வயதில் ஞாயிறுதோறும் பைபிள் படிக்கப் போகும் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். இரண்டு வழி. ஒன்று அகலம், அது நெருப்பில் போய் முடியும். இன்னொன்று குறுகல், அது பரலோகம் போகும். எனக்குத் தெரிந்த அகலமான வழி ஜி.எஸ்.டி. ரோடு ஒன்றுதான். குறுகலான வழி எங்கள் தெரு. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் நாம் சாக்கடையில் இறங்கி நிற்க வேண்டும். அதனால் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் பரலோகம் போவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். இன்றைக்கு ஜி.எஸ்.டி. ரோட்டை இன்னும் அகலமாக்கிவிட்டார்கள். பண்டிகை நாளில் பெருங்களத்தூர் நெரிசலில் நின்று பார்த்தால் அந்தப் படத்தை வரைந்தவர் குறைத்துத்தான் வரைந்திருக்கிறார் என்று தோன்றும்.

அந்தக் காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்து கிடந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா இல்லை. பக்கத்து வீட்டிலும் ஆள் இல்லை. எதிர் வீட்டில் நறுக்கின கத்தரிக்காய் பாதியில் கிடந்தது. தெருவே காலி.

கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆண்டவருடைய வருகை வந்துவிட்டது, நல்லவர்களையெல்லாம் பரலோகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், நான் மட்டும் விடப்பட்டேன் என்று முடிவு செய்துவிட்டேன். முந்தின நாள் டப்பாவிலிருந்து வெல்லம் திருடித் தின்றது ஞாபகம் வந்தது. அழுதுகொண்டே ஓய்வுநாள் பள்ளி டீச்சர் வீட்டுக்கு ஓடினேன். எங்கள் தெருவிலேயே பரிசுத்தமானவர் அவர்தான். அவர் வீட்டில் இருந்தால் வருகை வரவில்லை என்று அர்த்தம். அங்கேயும் ஆள் இல்லை.

அப்போது தெருமுனையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். இரண்டு நாளாக வராத தண்ணீர் லாரி வந்து நின்றது. தெருவே குடத்தோடு அங்கே இருந்தது. நடுவில் எங்கள் டீச்சர் இன்னொரு அம்மாவின் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் வேறெப்போதும் பட்டதில்லை. அம்மா என்னைப் பார்த்து, "இன்னாடி அழுவுற? இன்னொரு குடத்த எடுத்துகினு வா" என்றாள்.

அந்தப் பயம் முழுதாகப் போகவில்லை. போகவும் வேண்டாம். கேள்வி கேட்க மேலே ஒருவர் இருக்கிறார் என்ற பயம்தான் என்னைப் போன்ற கோபக்காரியை போலீஸ் ஸ்டேஷன் பக்கம் போகாமல் காப்பாற்றியிருக்கிறது. நான் இன்றைக்கும் நியாயத்தீர்ப்பை நம்புகிறேன். தப்பு நம்பிக்கையில் இல்லை. கேஜை யாருக்குப் போட்டேன் என்பதில்தான்.

அண்ணன் சொன்னது

அன்றைக்கு ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தேவதாஸ் நேராக என்னிடம் வந்தார். ஆறடி மனிதர். பெருங்களத்தூரில் டயர் கடை வைத்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது.

"இன்னாக்கா பண்ணி வெச்சீங்க?"

"என்ன பண்ணேன்? உங்க தங்கச்சி நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"நேத்து ஆயத்த ஆராதன முடிஞ்சி அவ நேரா எங்க வூட்டுக்கு வந்தாக்கா. பஸ் புடிச்சி வந்தா. பத்திரிகையில பேர் போடாதது என் தப்பு, நாந்தான் போயிருக்கணும். ஆனா அவ வந்தா. 'அண்ணா, நாளைக்கி நான் திருவிருந்து எடுக்கணும், பேசிடலாம்'னு சொன்னா. எங்க வூட்ல குந்திகினு தோசை சாப்ட்டுட்டுப் போனா. இன்னிக்கி நான் வாங்கிட்டு வந்து அவ எப்போ எழுந்துப்பான்னு பாத்துகினே இருந்தேன். ஆறு மாசங்கழிச்சி எழுந்தாக்கா. நீங்க புடிச்சி இழுத்துட்டீங்க."

ஒரு செருப்பைக் காலிலும் மற்றதைக் கையிலுமாக வீட்டுக்கு நடந்தேன்.

வீட்டுக்கு வந்து ஆட்டுக்கறிக் குழம்பு வைத்தேன். உப்பு போட மறந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் உப்பு ஜாடியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பாதிச் சாப்பாட்டில் மெதுவாகக் கேட்டார்.

"எஸ்தரு, இன்னிக்கு நீ வாங்கினியா?"

"வாங்கினேன். எனக்கென்ன?"

"மாடி வீட்டுத் தம்பிகிட்ட பேசிட்டியா?"

குழம்புக் கரண்டியைத் திரும்பச் சட்டியில் வைத்தேன். எங்கள் மாடியில் கார்த்திக் என்று ஒரு பையன் குடியிருந்தான். நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி பால்கனித் தொட்டிச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் கீழே என் கொடியில் காயும் துணியில் மண்ணோடு சொட்டும். நான்கு தடவை சொன்னேன். ஐந்தாவது தடவை சொல்லவில்லை. காலையில் அவன் குளிக்கிற நேரம் பார்த்து மாடிக்குப் போகும் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டேன். தலையில் சோப்பு நுரையோடு மொட்டைமாடிக்கு ஓடினான் பாவம். அது நடந்து இரண்டு மாதம். அதிலிருந்து அவன் என்னைப் பார்த்தால் படிக்கட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு போவான்.

"அது வேற" என்றேன்.

"அப்படியா?" என்றார். இரண்டாவது தடவையும் உப்பு போட்டுக்கொண்டார்.

வால் வைத்த மன்னிப்பு

மறுநாளே ரோஸ்லின் கடைக்குப் போனேன். தள்ளிப்போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. கடை வாசலில் நின்று பட்டென்று சொன்னேன்.

"ரோஸ்லின், நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிரு. ஆனா நீயும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அண்ணன்கூட பேசிட்டேன்னு. எனக்கெப்படித் தெரியும்? ஆறு மாசமா நீ உர்ருன்னு உக்காந்திருந்தா நான் என்னன்னு நினைக்கிறது? அதோட நீ அப்படி எழுந்து போயிருக்கக் கூடாது, ஆராதனை நடக்கும்போது."

அவள் தையல் மெஷினை நிறுத்தினாள். கழுத்தில் தொங்கிய டேப்பைக் கழற்றிச் சுருட்டினாள்.

"எக்கா, மன்னிப்பு கேக்க வந்தீங்களா, செக்கிங் பண்ண வந்தீங்களா?"

"மன்னிப்புதான் கேட்டேனே!"

"கேட்டீங்க. அதுக்கு ஒரு வால் கீது பாருங்க, இம்மாம் பெரிய வால். அத வெட்டிட்டு வாங்க. நீங்க உக்காந்துகினு இருக்கிற சர்ச்சுக்கு இனிமே நான் வர்றதா இல்ல. நீங்களே எல்லாருக்கும் டிக்கெட் கிழிச்சி உள்ள வுடுங்க."

மெஷின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டிருப்பேன். போடவில்லை. வருஷம் ஒரு தடவை வரும் பெண்கள் ஞாயிறுக்காக எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரி வெங்காயச் சருகு நிறத்தில் புடவை எடுத்திருந்தோம். என் ஜாக்கெட் துணி அவளிடம்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு ரோஸ்லின் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பெஞ்சில் அவள் உட்கார்கிற இடம் காலியாக இருந்தது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு என் இன்னொரு பக்கமும் காலிதான். எந்தப் பெண்ணும் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்காரவில்லை. ஐந்து பேர் உட்காரும் பெஞ்சில் நான் ஒருத்தி, மந்திரி மாதிரி.

இரண்டு மாதம் எழாதவள்

அடுத்த மாதம் திருவிருந்து வந்தது. என் பெஞ்சின் முறை வந்தது. நான் எழவில்லை.

நான் வைத்த சட்டம். எனக்கு மட்டும் இல்லையா?

அந்தப் பத்து நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. பின்பெஞ்சுக்காரர்கள் நம்மைத் தாண்டிப் போவார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொருவர் கண்ணும் ஒரு நொடி நம்மேல் நின்றுவிட்டு நகரும். நான் பீடத்தைப் பார்க்காமல் என் கைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ரோஸ்லின் இதை ஆறு தடவை செய்திருக்கிறாள். ஏழாவது தடவை எழுந்தபோது நான் பிடித்து இழுத்திருக்கிறேன்.

வெளியே வந்ததும் சங்கத்துப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்ன எஸ்தர் அக்கா, ஒடம்பு சரியில்லையா? வாங்கலியே?"

"ஒடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ரோஸ்லினை நிறுத்தினது என் தப்பு. அவ மன்னிக்கிற வரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன். போதுமா? போய் எல்லாருக்கும் சொல்லுங்க."

சொன்னார்கள். எங்கள் பெண்கள் சங்கத்தின் வேகத்துக்கு எந்த ரயிலும் ஈடாகாது. நான் வீடு போய்ச் சேருமுன் செய்தி தையல் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். கடையிலிருந்து பதில் ஒன்றும் வரவில்லை.

இரண்டாவது மாதமும் உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் ஆயர் ஸ்கூட்டரில் வீட்டுக்கு வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். காபி கொடுத்தேன்.

"ஐயா, எல்லாம் உங்க பிரசங்கத்தால வந்தது" என்றேன். "அந்தச் சனிக்கிழமை நீங்கதான் அவ்வளவு காரமா தீர்ப்பைப் பத்திப் பேசினீங்க. நாளைக்கு வாங்கிறவங்க சோதிச்சுப் பாத்துட்டு வாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாக்கா. ஆனா உங்களை நீங்களே சோதிச்சுப் பாருங்கன்னுதான் சொன்னேன். பக்கத்து சீட்டைச் சொல்லல."

எனக்குக் கோபம் வந்தது. சரியாகச் சொல்லிவிட்டார் என்பதால் வந்த கோபம். பிஸ்கட் தட்டை அவர் கையெட்டாத தூரத்துக்கு நகர்த்தி வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைத் திரும்ப அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

உள்ளே விட்ட துணி

பெண்கள் ஞாயிறு அந்த வருஷம் மாதத்தின் முதல் ஞாயிறிலேயே வந்தது. நான்கு நாள் முன்னால் தேவதாஸ் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"தங்கச்சி குடுக்கச் சொல்லிச்சி."

"வேற எதாச்சும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லலக்கா. பைய மட்டும் திருப்பிக் குடுக்கச் சொல்லிச்சி."

உள்ளே என் ஜாக்கெட். துணியை வெட்டாமல் திருப்பி அனுப்புவாள் என்று நினைத்திருந்தேன். தைத்து அனுப்பியிருந்தாள். சரி, கோபத்தில் தைத்ததுதானே, கோணலாக இருக்கும் என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்தேன். கை சும்மா இருக்குமா? தோள்பட்டை, கைக்குழி, கழுத்துப் பட்டை, கொக்கி. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு தையல் விலகவில்லை. சிவப்பில் போட ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

உள்பக்கம் திருப்பினேன். இரண்டு விலாவிலும் ஒரு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் விட்டு மடித்திருந்தாள். நாளைக்கு நான் பருத்தால் பிரித்துக்கொள்வதற்கு. கையிலும் அப்படியே.

நான் துணி தைத்தவள் இல்லை. ஆனால் பாகங்களைப் பார்த்தவள். கோபத்தில் வேலை செய்கிறவர் பிறகு தேவைப்படும் என்று எதையும் மிச்சம் வைக்க மாட்டார். அது எனக்கு நன்றாகத் தெரியும், நான் அப்படித்தான் வேலை செய்தேன். அந்த ஜாக்கெட்டைக் கசங்காமல் மடித்து பீரோவில் வைத்தேன். மாடியிலிருந்து செடித் தண்ணீர் கொடியில் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வால்வுப் பக்கம் போகவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை தையல் கடை வரைக்கும் போனேன். வாசலில் என் வாயைத் திறந்தால் வால் முளைத்துவிடும் என்று பயந்து திரும்பி வந்துவிட்டேன். பையை அவள் அண்ணனிடம் கொடுத்தனுப்பினேன்.

கை மாறிய சமாதானம்

பெண்கள் ஞாயிறு வந்தது. சர்ச் முழுக்க வெங்காயச் சருகு நிறம். நடந்துவந்தால் உரித்துவிடுவார்களோ என்று இருந்தது. நான் வழக்கம்போல் என் பெஞ்சில் தனியாக.

ஆராதனை தொடங்கிப் பாதியில் ரோஸ்லின் உள்ளே வந்தாள். அதே நிறப் புடவை. அவள் அண்ணன் ஆண்கள் பக்கத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார். அவள் கண்ணால் இடம் தேடினாள். எல்லாப் பெஞ்சும் நெருக்கம். நான்கு பேர் உட்காரக்கூடிய காலி இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஏன் காலி என்று சொல்ல வேண்டியதில்லை.

வந்தாள். ஓர் ஆள் உட்காரும் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தானைப் பக்கம் போய்விடாமல் என் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டேன்.

திருவிருந்துக்கு முன்னால் எங்கள் சபையில் சமாதானம் கொடுப்போம். ஆயர் பீடத்திலிருந்து இறங்கி, குவித்த கையோடு முன்வரிசையில் ஒருவருக்குக் கொடுப்பார். அவர் அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பார். இப்படிக் கை மாறி மாறிக் கடைசிப் பெஞ்சு வரைக்கும் வரும். பிடிக்காதவர் கையிலிருந்தும் வாங்கித்தான் ஆக வேண்டும். அதனாலேயே சண்டைக்காரர்கள் பெஞ்சு மாறி உட்காருவார்கள். யார் யாரோடு சண்டை என்று தெரிய வேண்டுமானால் பெஞ்சைப் பார்த்தாலே போதும்.

முன்பெஞ்சு அம்மா திரும்பி எனக்குக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். இப்போது அது என் கையில் இருக்கிறது. அடுத்தது ரோஸ்லின்.

அவள் பக்கம் திரும்பிக் கையை நீட்டினேன். அவள் கையை மடியிலிருந்து எடுக்கவில்லை. பின்பெஞ்சில் எல்லாரும் காத்துக்கொண்டு நிற்கிறார்கள். மின்சார ரயில் ஒன்று போயிற்று. அது போய் முடியும் வரைக்கும் என் கை அந்தரத்தில் நின்றது.

"எக்கா" என்றாள். "இந்தத் தபா வால் கீதா?"

"இல்ல ரோஸ்லின்."

"மொத்தமா சொல்லுங்க."

"நான் செஞ்சது தப்பு."

"அப்பறம்?"

"அவ்ளோதான்."

ஒரு விநாடி என் முகத்தையே பார்த்தாள். பிறகு நகர்ந்து வந்து என் கைகளைத் தன் கைக்குள் வாங்கிக்கொண்டாள். ஊசி குத்திக் காய்த்துப்போன விரல்கள். சொரசொரப்பாக இருந்தன. பின்பெஞ்சில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இதிலும் ரகசியம் இல்லை.

ஆண்கள் வாங்கி முடித்தார்கள். எங்கள் பெஞ்சின் முறை வந்தது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நான் எழுந்தேன்.

முந்தானை இழுபட்டது.

திரும்பிப் பார்த்தேன். ரோஸ்லின் பிடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கண்ணில் இருந்தது.

"மாடி வூட்டுத் தம்பிகிட்ட பேசிட்டீங்களா?"

சங்கத்துக்குத் தெரியாத விஷயம் எங்கள் தெருவில் இல்லை. ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பீடத்துக்குப் பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இல்ல" என்றேன்.

உட்கார்ந்துவிட்டேன்.

அவள் திடுக்கிட்டாள். "எக்கா, சும்மா தமாசுக்கு சொன்னேன். எந்திரிங்க."

"நீ சொன்னது சரி. நீ போ. உனக்காக உங்கண்ணன் காத்துக்கினு கீறாரு" என்றேன். கோபமோ துக்கமோ வந்தால் எனக்கும் தெருப் பேச்சு வந்துவிடும்.

முழங்காலை மடக்கி வழி விட்டேன். அவள் என்னைத் தாண்டிப் போனாள். பீடத்துக்கு முன்னால் மண்டியிட்டாள். ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது அவளுக்கு. ஆண்கள் பக்கத்தில் ஆறடி மனிதர் ஒருவர் கைக்குட்டையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு ஏனோ தண்ணீர் லாரி ஞாபகம் வந்தது. எல்லாரும் இங்கேதான் இருக்கிறார்கள், யாரும் போய்விடவில்லை என்கிற அதே சந்தோஷம்.

திரும்பி வந்து இடைவெளி விடாமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். திராட்சை ரச வாசனையோடு என் காதில் சொன்னாள்.

"சாயங்காலம் மாடிக்கு நானும் வர்றேன். நீங்க தனியாப் போனா வால் வெச்சிப் பேசுவீங்க."

சாயங்காலம் போனோம். கையில் ஒரு டப்பா நிறைய மீன் குழம்பு கொண்டுபோகலாம் என்றேன். அவர்கள் சைவம் என்று என் வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினார். இரண்டு வருஷமாக மாடியில் குடியிருப்பவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. வாழைப்பழச் சீப்பு ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

கார்த்திக் கதவைத் திறந்தான். என்னைப் பார்த்ததும் ஒரு கை தானாகத் தலைக்குப் போயிற்று, சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

"ஆன்ட்டி? தண்ணி கட்டா?"

"தம்பி, அன்னிக்கு வால்வை மூடினது நான்தான். வேணும்னுதான் மூடினேன். தப்பு. மன்னிச்சிரு."

அவன் வாழைப்பழச் சீப்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு கதவை அகலத் திறந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் பால்கனி தெரிந்தது. அங்கே அந்தச் செடித் தொட்டிகள், புதிதாக இரண்டு சேர்ந்து, தட்டு எதுவும் வைக்காமல், விளிம்பில் வரிசையாக நின்றன. அப்போதுதான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். சொட்டிக்கொண்டிருந்தது.

என் வாய் திறந்தது.

பின்னாலிருந்து ரோஸ்லின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மூடிக்கொண்டேன்.